பள்ளி விட்ட பிறகு இரண்டரை மணி நேரம்: ஒரு மாலை மையத்தின் முதல் ஆண்டு

பின்னணி

ஒரு பள்ளியின் தரைத்தள ஹாலில் நடந்த மாலை மையத்தின் முதல் ஆண்டைப் பற்றிய பதிவு இது. அந்த ஆண்டு முழுக்க நான் அதன் பொறுப்பாளராக இருந்தேன். பிள்ளைகள், பெற்றோர், உடன் வேலை பார்த்தவர்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை. ஆளை அடையாளம் காட்டிவிடும் விவரங்களையும் விட்டுவிட்டேன்.

மையம் தொடங்கியதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பள்ளி 3:30-க்கு விடும். பெற்றோர் பலர் வேலை முடிந்து வர 6 மணி ஆகும். நடுவில் இருக்கும் இரண்டரை மணி நேரத்துக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. சிலர் பூட்டிய வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் பள்ளி கேட்டைத் தாண்டாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள். இதைத் தினமும் பார்த்துச் சலித்த தலைமையாசிரியர்தான் ஹாலைத் தர முன்வந்தார். 8 முதல் 13 வயது வரை 42 பிள்ளைகள் சேர்ந்தார்கள். சம்பளத்துக்கு என்னோடு இன்னொருவர், முறை வைத்து வந்துபோகும் தன்னார்வலர்கள் ஐந்து பேர்.

இந்த மையம் எதற்கு என்று கேட்டிருந்தால் ஆளுக்கொரு பதில் கிடைத்திருக்கும். பள்ளிக்கு மதிப்பெண் ஏற வேண்டும். பெற்றோருக்கு வீட்டுப்பாடம் முடிந்த நிலையில் பிள்ளை வீடு திரும்ப வேண்டும். பணம் கொடுத்தவர்களுக்கு மாதா மாதம் வருகை எண்ணிக்கை வேண்டும். பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. நேர அட்டவணையைப் பெரியவர்கள் நான்கு பேர் உட்கார்ந்து ஒரே சாயங்காலத்தில் போட்டுவிட்டோம். 3:45 முதல் 5 வரை வீட்டுப்பாடம், 5 மணிக்குச் சிற்றுண்டி, அப்புறம் 5:30 வரை வாசிப்பு, கடைசி அரை மணி விளையாட்டு. வீட்டுப்பாடம் முடிக்காதவருக்கு விளையாட்டு கிடையாது. இந்தக் கடைசி விதியை எழுதியவன் நான்.

முதல் பருவத்தில் கண்டது

வருகைப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் மாதத்தில் நாளுக்கு 38, 39 பேர் வந்தார்கள். அறிக்கையில் அந்த எண்ணைப் பெருமையாகவே எழுதி அனுப்பினேன்.

என்னோடு சம்பளத்தில் இருந்தவர் ஓர் இளம் பெண். பிள்ளைகள் ‘மிஸ்’ என்று கூப்பிடுவார்கள், நானும் இங்கே அப்படியே சொல்கிறேன். யார் யாரை அடித்தார், யார் அழுதார் என்பதை ஒரு சின்ன நோட்டில் நேரம் போட்டு எழுதி வைப்பது மிஸ்ஸின் பழக்கம். யாரும் கேட்டு எழுதியதில்லை. பெற்றோர் வந்து கேட்டால் சொல்ல வேண்டுமே என்றுதான் எழுதினார். ஐந்தாவது வாரம் தற்செயலாக அதைப் புரட்டினேன். இரண்டு வாரங்களில் 23 சண்டைகள். அதில் 16 சண்டைகள் 3:45-க்கும் 4:15-க்கும் நடுவில். மீதியில் பாதிக்கு மேல் 5:45-க்குப் பிறகு. இடையில் உள்ள ஒன்றரை மணி நேரத்தில் பெரிதாக எதுவும் இல்லை.

ஆறு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வரும் பிள்ளையைப் பதினைந்து நிமிடத்தில் மறுபடியும் பெஞ்சில் உட்கார வைத்தோம். பசி வேறு. சிற்றுண்டி 5 மணிக்குத்தான், ஏனென்றால் முன்னாலேயே கொடுத்தால் தின்றுவிட்டு ஓடிவிடுவார்கள் என்று ஒரு தன்னார்வலர் சொல்லியிருந்தார். நாங்களும் தலையாட்டியிருந்தோம். நோட்டைப் பார்த்த அன்றுதான் இது உறைத்தது.

உறைக்காத இன்னொன்றும் இருந்தது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி தண்ணீர் பாட்டிலைத் திறப்பதே இல்லை என்பதை மிஸ் கவனித்தார். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டதற்கு, “குடிச்சா வரும் மிஸ். வந்தா பூட்டியிருக்கும்” என்றாள். துப்புரவுப் பணியாளர் 4 மணிக்குக் கழிப்பறையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். ஆறு வாரங்களாக 40 பிள்ளைகள் 4 முதல் 6 வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆண் பிள்ளைகள் சுவரோரம் போய்வந்தார்கள், பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். பெரியவர்கள் நாங்கள் ஆசிரியர் அறைக் கழிப்பறையைப் பயன்படுத்தியதால் எங்களுக்கு இது தெரியவே இல்லை. சாவியின் இன்னொரு பிரதி வாங்க ஒரு கடிதமும் இரண்டு நாளும் போதுமாக இருந்தன.

பென்சில் சீவிய சிறுவன்

ஒன்பது வயதுப் பையன். முதல் வாரத்திலேயே ‘சோம்பேறி’ என்ற பெயர் எங்களுக்குள் அவனுக்கு ஒட்டிக்கொண்டது. நாலு வரி எழுத ஒரு மணி நேரம் எடுப்பான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து குப்பைக் கூடைக்குப் போய்ப் பென்சில் சீவுவான். ஒரு நாள் நான் எண்ணினேன், ஒரு மணி நேரத்தில் ஏழு தடவை. புதுப் பென்சில் வாரக் கடைசியில் விரலளவு ஆகியிருக்கும். வீட்டுப்பாடம் முடியாது, அதனால் விளையாட்டும் இல்லை. மற்றவர்கள் வெளியே ஓட, அவன் மட்டும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பான். 5:45-க்குப் பிறகு நடந்த சண்டைகளில் பாதியில் அவன் பெயர் இருந்தது.

ஏழாவது வாரத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியையான ஒரு தன்னார்வலர் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, “கேள்வியை நீ வாசி, பதிலை நான் எழுதறேன்” என்றார். அவன் கேள்வியைத் தப்பில்லாமல் சொன்னான். அவர் நோட்டை மூடிவிட்டு வேறொரு பக்கத்தைத் திறந்து இதையும் வாசி என்றார். வாய் திறக்கவில்லை. முதல் கேள்வியைப் பக்கத்துப் பையன் சொல்லக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறான். எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடிந்தது, அதுவும் தன் வகுப்புக்கு இரண்டு வகுப்பு கீழே உள்ள பாடத்தை. பென்சில் சீவப் போனது பக்கத்து நோட்டுகளைப் பார்த்துக்கொண்டே திரும்பி வருவதற்கு.

வாசிக்கத் தெரியாத பிள்ளையை வாசிப்பை நம்பியிருக்கும் வேலையோடு ஒரு மணி நேரம் உட்கார வைத்து, முடிக்காததற்கு விளையாட்டைப் பறித்தோம். அவன் ஆசிரியரிடம் பேசியபோது, வகுப்பில் அவன் ‘அமைதியான பையன்’ என்றார். வீட்டில், ‘படிக்கிறான், மறந்துடுறான்’ என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அவன் திறமையாக ஒளித்திருந்தான்.

தம்பியைக் கூட்டி வந்தவள்

இது சின்ன விஷயம், ஆனால் எனக்கு நெடுநாள் உறுத்தியது. பதினொரு வயதுப் பெண் தன் எட்டு வயதுத் தம்பியோடு வருவாள். அவன் பையைத் தூக்குவாள், அவன் நோட்டை எடுத்து வைப்பாள், சிற்றுண்டியில் தன் பங்கில் பாதியை அவனுக்குத் தருவாள். விளையாட்டு நேரத்தில் அவன் கீழே விழாமல் பார்த்துக்கொண்டு ஓரமாக நிற்பாள். பொறுப்பான பெண் என்று நாங்கள் எல்லோரும் பாராட்டினோம், ஒரு தடவை பெற்றோர் கூட்டத்திலேயே சொன்னேன். மூன்று மாதம் கழித்துத்தான், அவள் ஒரு நாள்கூட எதையும் விளையாடியதில்லை என்பது புரிந்தது. அவளைப் பொறுத்தவரை வீட்டு வேலைதான் ஹாலுக்கு இடம் மாறியிருந்தது.

எடுத்த முடிவுகள், ஏன் எடுத்தோம்

இரண்டாம் பருவத்துக்கு முன் ஒரு வாரம் மையத்தை மூடிவிட்டு உட்கார்ந்து பேசினோம். வாசிக்கக் கிடைத்த ஆய்வுகளையும் பார்த்தோம். அவற்றில் இரண்டு எங்களுக்குத் தலையில் குட்டியது போல இருந்தன.

முதலாவது, அமெரிக்காவில் அரசுப் பணத்தில் நடக்கும் மாலை மையங்களைப் பற்றி ‘மேத்தமேட்டிக்கா’ என்ற ஆய்வு நிறுவனம் செய்து 2005-இல் இறுதி அறிக்கையாக வெளியிட்ட மதிப்பீடு. மையங்களுக்குப் போன தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பள்ளி முடிந்த நேரத்தில் பாதுகாப்பாக உணர்ந்தார்கள். படிப்பில் பெரிய முன்னேற்றம் எதுவும் இல்லை. சில நடத்தைச் சிக்கல்கள் அவர்களிடம் கூடுதலாகவே இருந்தன. ஹாலைத் திறந்து வைத்து ஆள் போட்டால் போதும், நல்லது தானாக நடக்கும் என்ற நினைப்புக்கு அந்த அறிக்கை இடம் தரவில்லை.

இரண்டாவது, டர்லக், வைஸ்பெர்க், பச்சன் மூவரும் 2010-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு. பிள்ளைகளின் தனிப்பட்ட, சமூகத் திறன்களை வளர்க்க முயன்ற 69 மாலைத் திட்டங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பலன் எல்லாவற்றிலும் இல்லை. கற்றுத் தருவதைப் படிப்படியாக அடுக்கியவை, பிள்ளைகளைக் கையால் செய்ய வைத்தவை, அதற்கென்று தனி நேரம் ஒதுக்கியவை, எதைக் கற்றுத் தருகிறோம் என்று வெளிப்படையாகச் சொன்னவை. இந்த நான்கும் சேர்ந்திருந்த இடங்களில்தான் மாற்றம் தெரிந்தது. எங்கள் அட்டவணையை இதன் பக்கத்தில் வைத்தால் நான்கில் ஒன்றுகூடத் தேறவில்லை.

முதல் முடிவு, முதல் அரை மணியைப் பற்றியது. வந்ததும் சிற்றுண்டி, தண்ணீர், கழிப்பறை. பிறகு 4:15 வரை யாரும் எதுவும் சொல்லக் கூடாது. ஓடலாம், படுக்கலாம், சும்மா உட்காரலாம். 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமை என்கிறது. முடித்த வேலைக்குப் பரிசாக அதைத் தரச் சொல்லவில்லை. இதைக் காட்டித்தான் என் பழைய விதியை மிஸ் அடித்தார், நியாயமாகவே.

இரண்டாவது, வீட்டுப்பாடத்தை 30 நிமிடமாகக் குறைத்தோம். பெற்றோரிடம் அதிகம் பேச்சு வாங்கிய முடிவு இது. வீட்டுப்பாடம் பற்றிய ஆய்வுகளை அமெரிக்க ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பரின் குழு 2006-இல் தொகுத்துப் பார்த்ததில், வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு மேல் வகுப்புகளில் வலுவாகவும் கீழ் வகுப்புகளில் பலவீனமாகவும் இருந்தது. எங்களிடம் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கீழ் வகுப்பு. முடியாததை நோட்டில் ஒரு கோடு போட்டு, ‘இதுவரை தானே செய்தது’ என்று எழுதி அனுப்பினோம். ஆசிரியர்கள் சிலருக்கு அந்தக் கோடு முழு வீட்டுப்பாடத்தைவிட உதவியாக இருந்தது. எங்கே தடுமாறுகிறான் என்று அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாவது, 4:45 முதல் 5:45 வரை குழு வேலை. எட்டு வாரத்துக்கு ஒன்று: சுவர்ப் பத்திரிகை, பொம்மலாட்டம், தோட்டம், கேரம் போட்டியை ஏற்பாடு செய்வது. ஒவ்வொன்றுக்கும் கடைசியில் மற்றவர்கள் பார்க்கும்படி ஒரு முடிவு இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. எதைச் செய்வது என்பதை இந்த முறை பிள்ளைகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தார்கள். தோட்டம் ஜெயிக்கும் என்று நாங்கள் நினைத்தோம். பொம்மலாட்டம் ஜெயித்தது.

நான்காவது, யாரை யாரோடு உட்கார வைப்பது. முதல் பருவத்தில் அடிக்கடி வம்பு செய்யும் ஆறு பேரை ஒரே மேசையில் போட்டிருந்தோம், கண்காணிக்க வசதி என்று. அந்த மேசையில் என்ன நடந்தது என்பதை மிஸ்ஸின் நோட்டு சொல்லியது: ஒருவன் ஒன்றைச் செய்ய, மற்ற ஐந்து பேர் சிரிக்க, அடுத்தவன் அதற்கும் மேலே போக. அமெரிக்காவில் 1939-இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்-சாமர்வில் இளைஞர் ஆய்வு இதே பாடத்தைப் பெரிய அளவில் தந்திருக்கிறது. வழிதவறக்கூடும் என்று கருதப்பட்ட சிறுவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் உதவி செய்தார்கள். பிற்காலத்தில் ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அந்தச் சிறுவர்களைத் தேடிப் பிடித்துப் பார்த்தபோது, உதவி பெறாதவர்களைவிடப் பெற்றவர்கள் சில வகைகளில் மோசமாக இருந்தார்கள். கோடை முகாமுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை அனுப்பப்பட்டவர்களிடம் அந்தக் கேடு கூடுதலாகத் தெரிந்தது. டிஷியன், மெக்கார்ட், பூலின் 1999-இல் எழுதிய கட்டுரை, அப்படிப்பட்டவர்களை ஒன்றாகக் கூட்டுவதே கேடாகலாம் என்று எச்சரிக்கிறது. ஆறு பேரையும் பிரித்து வெவ்வேறு குழுக்களில் போட்டோம்.

பென்சில் பையனுக்குத் தனி ஏற்பாடு. வாரத்தில் நான்கு நாள், 20 நிமிடம், அந்த ஓய்வுபெற்ற ஆசிரியையோடு. ஹாலில் எல்லோர் முன்னாலும் வேண்டாம் என்று அவர் பிடிவாதமாகச் சொன்னதால் வராந்தாவில், ஹாலில் இருப்பவர்கள் கண்ணில் படும் தூரத்தில். ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் மறைவான இடத்தில் தனித்து இருக்கக் கூடாது என்பது ஆரம்பத்திலிருந்தே எங்கள் விதி. முதல் பருவத்தில் நாங்கள் சரியாகச் செய்த ஒரு சில காரியங்களில் இது ஒன்று.

அக்காவையும் தம்பியையும் வேறு வேறு குழுவில் போட்டோம். முதல் வாரம் அவள் அழுதாள். “அவன் கேட்டா யாரு குடுப்பா?” என்று கேட்டாள். மிஸ் அவளை அழைத்துப் போய்த் தம்பியின் குழுவைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலரை அறிமுகப்படுத்தி, “இவங்க குடுப்பாங்க. நீ வேணும்னா வந்து பாத்துக்கோ” என்றார். அவள் அன்று நான்கு தடவை போய்ப் பார்த்தாள். மறு வாரம் ஒரு தடவை.

அபராதம்

பிள்ளையை அழைத்துப் போகத் தாமதமாக வருவது முதல் நாளிலிருந்தே இருந்தது. 6 மணிக்கு மூட வேண்டிய ஹால் 6:30 வரை, சில நாள் 6:45 வரை திறந்திருக்கும். மிஸ்ஸுக்கு வீட்டில் கைக்குழந்தை. இரண்டாம் பருவத்தின் மூன்றாவது வாரத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் அபராதம் என்று அறிவித்தேன். சின்னத் தொகைதான்.

தாமதமாக வருபவர்கள் வாரத்துக்கு ஐந்தாறு பேர் என்றிருந்தது, ஒரு மாதத்தில் பத்துக்கு மேல் போனது. அதுவரை மூச்சிரைக்க ஓடிவந்து மன்னிப்புக் கேட்ட ஓர் அம்மா, இப்போது நிதானமாக நடந்து வந்து பணத்தை நீட்டி, “ஒண்ணும் பிரச்சினை இல்லையே, கட்டிடறேன்” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. நான்தான் அதற்கு ஒரு விலை போட்டிருந்தேன்.

இதற்குப் பிறகுதான், இதே தவறை அச்சு மாறாமல் பதிவு செய்த ஆய்வு இருப்பதை அறிந்தேன். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்கள் பத்தில் நீசி, ருஸ்டிக்கினி என்ற இரண்டு ஆய்வாளர்கள் செய்த சோதனை, 2000-இல் வெளிவந்தது. தாமதத்துக்கு அபராதம் போட்ட காப்பகங்களில் தாமதம் ஏறக்குறைய இரு மடங்கானது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. படித்தபோது வயிற்றைக் கலக்கியது அந்தக் கடைசிப் பகுதிதான்.

அபராதத்தை நிறுத்தினோம். அவர்களைப் போலவே எங்களுக்கும் எண்ணிக்கை இறங்கவில்லை. பிறகு ஒரு கூட்டத்தில் பெற்றோரிடம் மிஸ்ஸே நேரடியாகப் பேசினார், தன் வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்பதை. யாரையும் குற்றம் சாட்டவில்லை. யார் வேலை எத்தனை மணிக்கு முடிகிறது என்று ஒரு தாளைச் சுற்றி விட்டோம். அப்போதுதான் தெரிந்தது, நான்கு குடும்பங்களால் எப்படி முயன்றாலும் 6 மணிக்கு வரவே முடியாது. அவர்களுக்காக 6:30 வரை ஒரு தன்னார்வலரை முறை வைத்தோம். மற்றவர்களில் அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் ஒருவர் பிள்ளையை இன்னொருவர் அழைத்துப் போக எழுத்தில் அனுமதி தந்தார்கள்.

இந்த எழுத்து அனுமதியால் ஒரு தகராறும் வந்தது. ஒரு நாள் அனுமதிப் பட்டியலில் பெயர் இல்லாத தாய்மாமா பிள்ளையை அழைக்க வந்தார். பிள்ளை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டது. ஆனாலும் கொடுக்கவில்லை. அம்மாவுக்கு மூன்று முறை போன் செய்தும் எடுக்கவில்லை. “சொந்த மாமா நான், என்ன கடத்திட்டா போகப் போறேன்?” என்று கத்தினார். நாற்பது நிமிடம் கழித்து அம்மா போனில் வந்து சரி சொன்ன பிறகே அனுப்பினோம். மறுநாள் அந்த அம்மா என்னிடம், என் தம்பியை அவமானப்படுத்திவிட்டீர்கள் என்றார். அடுத்த வாரம் தன் பட்டியலில் இருந்து வேறொரு பெயரை அடித்துத் தரச் சொன்னதும் அவர்தான். காரணம் கேட்கவில்லை.

மிஸ் போன பிறகு

மூன்றாம் பருவத்தின் தொடக்கத்தில் மிஸ் வேலையை விட்டார். முழு நேர வேலை, கூடுதல் சம்பளம். இரண்டரை மணி நேரத்துக்கு எங்களால் கொடுக்க முடிந்த சம்பளத்தில் யாரையும் தக்கவைக்க முடியாது. அவருக்குப் பின் வந்தவர் ஆறு வாரத்தில் போனார். அடுத்தவர் ஆண்டு முடியும்வரை இருந்தார்.

இதன் விளைவைப் பதிவேடு காட்டவில்லை. எண்ணிக்கை பெரும்பாலும் அப்படியே இருந்தது. எட்டு வயதுப் பிள்ளைகள் சிலர் புதியவரை இரண்டு மாதம் பெயர் சொல்லியோ ‘மிஸ்’ என்றோ கூப்பிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் என்னிடம் வந்து நின்றார்கள். சண்டை நோட்டை எழுதும் பழக்கமும் மிஸ்ஸோடு போய்விட்டது. அதை ஒரு வேலையாக யாருக்கும் நாங்கள் கொடுத்திருக்கவில்லை. அவர் தானாகச் செய்தது, நாங்கள் அதன் மேல் உட்கார்ந்து முடிவெடுத்துக்கொண்டிருந்தோம்.

பொம்மலாட்டக் குழு மட்டும் அசையவில்லை. அதைப் பார்த்துக்கொண்டவர் வாரம் இரண்டு நாள் மட்டும் வரும் தன்னார்வலர், ஆனால் ஆண்டு முழுக்க அதே இரண்டு நாள், அதே ஆள்.

ஆண்டு முடிவில்

முதல் அரை மணிச் சண்டைகள் குறைந்தன. இரண்டாம் பருவத்தின் ஒரு இரண்டு வாரக் கணக்கில் மொத்தம் 9, அதில் முதல் அரை மணியில் 3. அதற்கு மேல் எண் என்னிடம் இல்லை, நோட்டு நின்றுவிட்டதால்.

மதிப்பெண் ஏறியதா என்று பள்ளி கேட்டது. சொல்லும்படியாக இல்லை. சிலருக்கு ஏறியது, சிலருக்கு இறங்கியது, மையத்துக்கு வராத பிள்ளைகளோடு ஒப்பிட எங்களிடம் வழியும் இல்லை. இதை அறிக்கையில் அப்படியே எழுதினேன். தலைமையாசிரியருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஹாலை அடுத்த ஆண்டுக்கும் கொடுத்தார். பள்ளி விட்ட பிறகு கேட் அருகே கூட்டம் இல்லை என்பது அவருக்குப் போதுமாக இருந்திருக்கலாம்.

பென்சில் பையன் ஆண்டு முடிவில் தன் வகுப்புக்கு ஒரு வகுப்பு கீழே உள்ள பாடத்தைத் தடுமாறி வாசித்தான். இரண்டு வகுப்பு இடைவெளி ஒன்றானது, அவ்வளவுதான். பொம்மலாட்டத்தில் வில்லனுக்குக் குரல் கொடுத்தவன் அவன். வசனத்தைத் தாளில் பார்த்து வாசிக்கவில்லை, வழக்கம்போல மனப்பாடம். இந்த முறை அது அவனுக்குக் கைகொடுத்தது.

12, 13 வயதுப் பிள்ளைகளில் தொடக்கத்தில் இருந்தவர்கள் ஒன்பது பேர். ஆண்டு முடிவில் மூன்று பேர். நின்றுபோன ஆறு பேரில் நான்கு பேர் டியூஷனில் சேர்ந்தார்கள். ஒரு பெண்ணை வீட்டு வேலைக்காக நிறுத்திவிட்டார்கள். ஒரு பையன் ஏன் வரவில்லை என்பதை வழியில் பார்த்தபோது சொன்னான்: “சின்னப் பசங்க எடம் அண்ணா அது.” சொன்னது சரிதான். பொம்மலாட்டம் ஜெயித்த ஓட்டெடுப்பில் அவன் வயதுக்காரர்கள் ஒன்பது பேர், மற்றவர்கள் முப்பத்து மூன்று பேர். எந்த ஓட்டிலும் அவர்கள் ஜெயித்திருக்க முடியாது.

அந்தப் பதினொரு வயதுப் பெண் சுவர்ப் பத்திரிகைக் குழுவில் சேர்ந்தாள். வீட்டில் எதுவும் மாறவில்லை, 6 மணிக்குத் தம்பியின் பையைத் தூக்கிக்கொண்டுதான் போவாள். நடுவில் ஒரு மணி நேரம் மட்டும் அவள் கையில் ஸ்கெட்ச் பேனா இருந்தது.

திரும்பச் செய்வதானால்

முதல் நாளுக்கு முன், 3:30 முதல் 6 வரை ஒரு பிள்ளை நடக்கும் பாதையில் நான் ஒருமுறை நடந்து பார்ப்பேன். ஹாலில் எந்த பெஞ்சில் உட்காருகிறது, எங்கே கை கழுவுகிறது, எந்தக் கதவு எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது. கழிப்பறைச் சாவி அன்றே தெரிந்திருக்கும்.

வீட்டுப்பாடத்துக்கு முன், சேரும் வாரத்திலேயே ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்கார வைத்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிக் கேட்பேன். ஒருவருக்கு ஐந்து நிமிடம், 42 பேருக்கு ஒரு வாரம் போதும். ஏழு வாரம் ஒரு பிள்ளையைச் சோம்பேறி என்று சொன்னதற்கு அது எவ்வளவோ மேல்.

பணம் கொடுப்பவர்களிடம் வருகை எண்ணிக்கையோடு சண்டை நோட்டின் கணக்கையும், ஒரே ஆள் தொடர்ந்து எத்தனை வாரம் இருந்தார் என்பதையும் தருவேன். பணத்தில் புதுப் பொருள் வாங்குவதைக் குறைத்து, சம்பளத்தில் போடச் சொல்வேன். எங்களிடம் அந்த ஆண்டு வாங்கிய விளையாட்டுச் சாமான்களில் பாதி பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. அந்தத் தொகை மிஸ்ஸை நிறுத்தி வைத்திருக்குமா என்பது வேறு கேள்வி, ஒரு பருவத்துக்காவது நிறுத்தியிருக்கலாம்.

தாமதத்துக்கு அபராதம் இல்லை. யாருக்கு 6 மணி சாத்தியமில்லை என்ற தாள் சேர்க்கைப் படிவத்திலேயே இருக்கும்.

பெரிய பிள்ளைகளுக்கு ஹாலில் இடம் தேடுவதை நிறுத்திவிட்டோம். அடுத்த ஆண்டு அவர்களுக்கு மாடியில் ஒரு வகுப்பறை கேட்டிருக்கிறோம், அட்டவணை இல்லாமல், அவர்களே சாவி வைத்துக்கொள்ளும்படி. பள்ளி இன்னும் பதில் சொல்லவில்லை. சாவி என்ற சொல்லில்தான் தயங்குகிறார்கள் என்று கேள்வி.